'ஹைப்'புக்குத் தமிழில் என்ன? தம்பட்டமா, பில்டப்பா?

கரிசல்காட்டான்:
நேற்று பையன் கேட்டான், ஒன்றை இருப்பதைவிடப் பெரிதாக ஊதிவிடுகிறார்களே, அந்த 'ஹைப்'புக்குத் தமிழ் என்னப்பா என்று. தம்பட்டம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் படுத்துக்கொண்டு யோசித்தால் மனசு ஒப்பவில்லை. தம்பட்டம் ஒரு தோல் கருவி. என் சின்ன வயதில் எங்கள் ஊரில் தண்டோரா போடுவார்கள். முக்குக்கு முக்கு நின்று நாலு தட்டு தட்டி, "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்" என்று ஆரம்பித்தால் தீர்வை கட்டக் கடைசி நாளாக இருக்கும், இல்லாவிட்டால் கண்மாய் மீன் ஏலம். அடிப்பவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவருக்குக் கிடைத்த மரியாதையும் அவ்வளவுதான். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, இனி தண்டோரா வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று ஆட்சியர்களுக்கு எழுதியதும் அதனால்தான். கருவி போய்விட்டது, வசவு மட்டும் நிற்கிறது. பத்தாம் வகுப்பு மார்க்கை டீக்கடை வரை போய்ச் சொன்னதற்கு அம்மா, "உன் தம்பட்டத்தை நீயே அடிக்காதடா" என்று வைதது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் ஹைப்பை அடுத்தவர்களும் ஏற்றிவிடுகிறார்களே?

பழைய கடைப்பையன்:
எங்களுக்கு அது 'பில்டப்'தான் அண்ணே. நான் வேலை பார்த்த ஜவுளிக்கடை திறப்புவிழாவுக்கு மூன்று வாரம் ஆட்டோவில் மைக், நாளிதழுக்குள் பிட் நோட்டீஸ், பஸ் ஸ்டாண்டு முழுக்க ஃப்ளெக்ஸ். முதலில் வரும் 100 பேருக்கு வெள்ளிக்காசு என்று வேறு போட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கே வரிசை பஜார் முனை வரை போய்விட்டது. காசு 40தான் வந்திருந்தது. முதலாளி மாடிக்குப் போய்விட்டார், கீழே ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றது நாங்கள். "இந்தப் பில்டப்பு தேவையா தம்பி?" என்று ஒரு பாட்டி என் சட்டையைப் பிடித்துக் கேட்டார். அந்தச் சட்டையும் அந்தக் கடையில் எடுத்ததுதான், பித்தான் தெறித்துவிட்டது.

மாடிவீட்டு மைதிலி:
டமாரத்தை விட்டுவிட்டீர்களே. அது பெருமைக்கு இல்லை, ரகசியத்துக்கு. போன வருடம் வேலையை விடப் போகிறேன் என்று என் நாத்தனாரிடம் மட்டும், "யாரிடமும் சொல்லாதீங்க அண்ணி" என்று கெஞ்சிச் சொன்னேன். சாயங்காலம் மாமியார் காபியோடு வந்து கேட்கிறார், "எப்போதும்மா கடைசி நாள்?"