வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் இருந்தால் கனடா மெடிக்கல் என்னவாகும்?

"அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கு, மெடிக்கலில் தள்ளிவிடுவாங்களா?" கனடாவுக்குப் புதிதாக வந்தவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். மெடிக்கல் என்பது இங்கே குடியேறவோ நீண்ட நாள் தங்கவோ விண்ணப்பிப்பவர்களுக்குச் செய்யும் உடல் பரிசோதனை. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரைக்காக மறுப்பது வழக்கமில்லை. டயாலிசிஸ், விலை கூடிய ஊசி மருந்து, புற்றுநோய் சிகிச்சை என்று போகும்போதுதான் நிதானமாகத் தயாராக வேண்டும்.

கனடா நோயின் பெயரை விட, அதனால் அரசுக்கு ஆகும் செலவைத்தான் பார்க்கிறது. இங்குள்ள ஒருவருக்கு ஆண்டுக்கு ஆகும் சராசரிச் செலவைப் போல் மூன்று மடங்குதான் வரம்பு. 2025இல் அது 27,162 டாலர். பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். 2017இல் இதே வரம்பு வெறும் 6,655 டாலராக இருந்தது. 2016இல், டொராண்டோவில் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பதால் குடும்பத்துக்கே பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) மறுத்து, பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு கொடுத்தார்கள். 2018இல்தான் வரம்பை மூன்று மடங்காக்கி, பிள்ளைகளின் சிறப்புக் கல்விச் செலவையும் கணக்கிலிருந்து எடுத்தார்கள்.

இந்தச் செலவுக் கணக்கு எல்லோருக்கும் இல்லை. நீங்கள் ஸ்பான்சர் செய்யும் கணவன், மனைவி, உங்களைச் சார்ந்த பிள்ளைகளுக்குக் கிடையாது. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் கிடையாது. ஆனால் அம்மா அப்பாவுக்கு உண்டு. அவர்கள் நீண்ட நாள் தங்கிப்போக வரும் சூப்பர் விசாவில் வந்தாலும் மெடிக்கல் கட்டாயம். காசநோய் விஷயம் தனி. அது பரவும் நிலையில் இருந்தால் யாராக இருந்தாலும் முதலில் சிகிச்சையை முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு விண்ணப்பம் நகரும்.

வரம்பைத் தாண்டும் என்று நினைத்தால் உடனே மறுக்க மாட்டார்கள். முதலில் ஒரு கடிதம் வரும். இங்கே அதை ஃபேர்னஸ் லெட்டர் என்பார்கள். பதில் சொல்ல 90 நாள். அந்த 90 நாளை அழுது கழித்துவிடாதீர்கள், உருக்கமான கடிதம் எழுதியும் வீணாக்காதீர்கள். அவர்கள் கேட்பது கணக்கு, நீங்களும் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டும். சிகிச்சை தரும் டாக்டரிடம் இப்போதைய நிலை, இனித் தேவைப்படும் மருந்து, அளவு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அதே மருந்தின் ஜெனரிக், அதாவது பிராண்ட் பெயரில்லாத மலிவு வகையின் விலையைக் கண்டுபிடியுங்கள். வேலை செய்யும் இடத்துக் காப்பீடு மருந்துச் செலவை ஏற்குமென்றால் அதற்கான தாளை இணையுங்கள். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: ஆஸ்பத்திரியில் செய்யும் டயாலிசிஸுக்கு "நாங்களே பணம் கட்டுகிறோம்" என்றால் ஏற்க மாட்டார்கள். அது அரசே இலவசமாகத் தரும் சேவை, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலக முடியாது. இப்படிப்பட்ட வழக்கென்றால் உரிமம் பெற்ற குடிவரவு வக்கீலிடம் போய்விடுங்கள்.

அப்புறம், ஊரில் மெடிக்கலுக்குப் போகும்போது "பழைய ஆபரேஷனைச் சொல்லாதே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் பொய்த் தகவல் என்று ஐந்து ஆண்டுத் தடை வரும். சொல்லியிருந்தால் வந்திருக்கக்கூடிய சிக்கலை விட அது பெரியது. மெடிக்கல் செய்யக் கனடா அரசு அங்கீகரித்த பேனல் டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு அம்மா கையில் கொடுத்து அனுப்புங்கள்.