புதுப்பிப்பு: மெம்பிஸ் பெல் இப்போது எங்கே?

இரண்டாம் உலகப் போரில் பறந்த 'மெம்பிஸ் பெல்' என்ற அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானம், மெம்பிஸ் நகரில் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று சிதைந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பிறகு என்ன ஆனது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

2005இல் அது ஒஹையோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊழியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தார்கள். அரிப்பைச் சுரண்டி, நினைவுப்பொருள் வேட்டைக்காரர்கள் கழற்றிப்போன பாகங்களுக்கு மாற்றுத் தேடி, விமானத்தின் மூக்குப் பகுதியில் இருந்த பெண் ஓவியத்தையும் திரும்ப வரைந்தார்கள். இடப்பக்கம் நீல நீச்சலுடை, வலப்பக்கம் சிவப்பு! அந்த நுணுக்கத்தைக்கூட விடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

2018 மே 17 அன்று திறந்துவைத்தார்கள். அதன் குழுவினர் 25ஆவது தாக்குதலை முடித்துச் சரியாக 75 ஆண்டுகள். ('ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற இன்னொரு விமானம் இதற்கு முன்பே 25 தாக்குதல்களைத் தொட்டுவிட்டது. ஆனால் 25ஐ முடித்து முதலில் தாயகம் திரும்பிய கனரகக் குண்டுவீச்சு விமானம் என்பதே மெம்பிஸ் பெல்லின் பெருமை.)

அருங்காட்சியகத்தில் அனுமதி இலவசம். அந்தப் பக்கம் போகிறவர்கள் இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள்.