கலைச்சொல் வேண்டும்: 'ஓரல் டிரெடிஷன்'

நண்பர்களுக்கு வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசு பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'ஓரல் டிரெடிஷன்', 'ஓரல் ஹிஸ்டரி' இரண்டும் மாறி மாறி வருகின்றன. முதலாவதற்குச் 'செவிவழிச் செய்தி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

---

அம்மா, செவிவழிச் செய்தி வேண்டவே வேண்டாம். 'யாரோ சொன்னாங்களாம்' என்கிற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு வரலாறே கிடையாது என்று சாதித்தவர்களும் இந்த நினைப்பில்தான் இருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர், அங்கே ஐரோப்பியர்களின் வரலாறு மட்டுமே உண்டு, மிச்சமெல்லாம் இருட்டு என்று பேசியது 1963இல். அதற்கு முன்பே, 1961இல், யான் வான்சினா என்ற பெல்ஜியக்காரர் வாய்மொழியைச் சலித்து வரலாறு எடுக்கும் முறையைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். காங்கோவின் கூபா மக்களிடம் வேலை செய்தவர். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அப்படிச் சொல்வதால் யாருக்கு ஆதாயம், வேறொருவர் சொல்லும்போது எங்கே மாறுகிறது என்று ஏட்டுச்சுவடிகளை ஒப்பிடுவதுபோல ஒப்பிட்டார்.

நீங்கள் கேட்ட இரண்டும் வேறு வேறு. பார்த்தவரே நினைவிலிருந்து சொல்வது ஓரல் ஹிஸ்டரி. பார்த்தவர்களின் தலைமுறை போன பிறகும் வாய்க்கு வாய் வருவது ஓரல் டிரெடிஷன். முன்னதற்கு 'நினைவுச் சான்று', பின்னதற்குத் 'தலைமுறைச் சான்று' என்று வைக்கலாமா?

---

பழைய 'கர்ண பரம்பரை' என்ன பாவம் செய்தது? தலைமுறை தலைமுறையாகக் காதில் வாங்கியது என்ற பொருள் கச்சிதமாக இருக்கிறதே. தவிர, 'சான்று' என்றால் உண்மை என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதின மாதிரி ஆகிவிடும். வாய்மொழி மரபு என்றே விடலாம்.

---

ஐயா, கர்ண பரம்பரை என்றதும் பின்னாலேயே 'கதை' வந்து நின்றுவிடும். வாய்மொழி மரபை நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புழங்குகிறார்கள். பொதுச்சொல்லாக அது இருந்துவிட்டுப் போகட்டும். மெய்க்கீர்த்தியில் இல்லாத பெருமையடிப்பா? அதையும் சான்று என்றுதானே சொல்கிறோம்?

எழுத்து உசத்தி என்பவர்களுக்கு மாலியிலேயே பதில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அந்தப் பேரரசை நிறுவிய சுஞ்சாத்தா கெய்த்தாவின் வரலாற்றை ஜெலி எனப்படும் பரம்பரைப் பாடகர்கள் இன்றும் பாடுகிறார்கள். கெய்த்தா அரசர்களுக்குக் கூயாத்தே குடும்பத்தார் ஜெலிகள். சரி, எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் 14ஆம் நூற்றாண்டு அரபு வரலாற்றாசிரியர் இப்ன் கல்தூனைக் காட்டுவார்கள். மாலி அரசர் வரிசையை அவருக்குச் சொன்னவர்களில் ஒருவர், எகிப்துக்கு வந்திருந்த பழைய கானா நாட்டு மார்க்க அறிஞர் ஷேக் உஸ்மான். ஆக, அதுவும் வாயால் சொல்லக் கேட்டு எழுதியதுதான். அரபியில் ஏறியதும் ஆவணமாகிவிட்டது!

---

தலைமுறைச் சான்று நன்றாக இருக்கிறது, ஆனால் தலைமுறையாகக் காத்துவந்த ஏடும் பத்திரமும்கூட அதில் அடங்கிவிடுமே. 'தலைமுறை வாய்ச்சான்று' என்றால் சிக்கல் தீர்ந்தது. கொஞ்சம் நீளம்தான்.

---

நன்றி. தலைமுறை வாய்ச்சான்று என்றே போடுகிறேன். நினைவுச் சான்றும் அப்படியே இருக்கட்டும். ஜெலியைப் பாணர் ஆக்க மனமில்லை, ஜெலி என்றே விடுகிறேன். அப்புறம் ஒன்று: கட்டுரையில் "இதை எழுத்துச் சான்றும் உறுதிசெய்கிறது" என்று இப்ன் கல்தூனைக் குறிப்பிடும் வரி இருக்கிறது. மூலத்தை மாற்ற எனக்கு உரிமை இல்லை. அடிக்குறிப்பில் ஷேக் உஸ்மானைச் சேர்க்கப்போகிறேன்.