போட்டோ திறக்குது, ஆனா ஃபோல்டர்ல குட்டிப் படம் தெரியல

கரிசல்காடு:
வணக்கம். வீட்டுல விண்டோஸ் 10 போட்ட பழைய டெஸ்க்டாப், ரேம் 4 ஜிபி. பையன் காதுகுத்து போட்டோ 640 இருக்கு, அதுல 120 பொறுக்கி ஆல்பத்துக்குக் குடுக்கணும். ஃபோல்டரைத் திறந்தா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி மலைப் படம் போட்ட ஐகான்தான் வருது. டபுள் கிளிக் பண்ணா நல்லாத் திறக்குது. எது மொட்டை அடிச்சது, எது மாமன் மடியில உட்கார்ந்ததுன்னு ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்தா பொழுது விடிஞ்சிரும். போன மாசம் வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு. சம்பந்தம் இருக்கான்னு தெரியல, இப்ப எழுத்தெல்லாம் ரம்பப் பல்லு மாதிரி தெரியுது. கண்ணாடி மாத்தணுமோ என்னவோ.

சாம்பார்வடை:
கன்ட்ரோல் கீயை அழுத்திக்கிட்டு மவுஸ் சக்கரத்தை மேல உருட்டுங்க. லிஸ்ட், டீடெய்ல்ஸ் வியூல குட்டிப் படம் வராது. அப்பவும் வரலைன்னா தம்ப்நெயில் கேச், அதாவது விண்டோஸ் குட்டிப் படங்களைச் சேர்த்து வைக்கற கோப்பு, கெட்டிருக்கலாம். டிஸ்க் கிளீனப் திறந்து, சி டிரைவ்ல தம்ப்நெயில்ஸ் மட்டும் டிக் போட்டு அழிங்க, விண்டோஸ் தானா புதுசா உண்டாக்கிக்கும். மத்த டிக்கை எல்லாம் எடுத்துருங்க. சில பதிப்புல டவுன்லோட்ஸும் அந்தப் பட்டியல்ல இருக்கும். பார்க்காம அழிச்சிட்டு தலையில கை வெச்சு உட்கார்ந்தவன் நான்.

கரிசல்காடு:
ரெண்டும் செஞ்சாச்சு. மலைதான் பெருசாச்சு.

பழையமவுஸ்:
கண்ணாடி மாத்த வேணாம் அண்ணே, அந்த ரம்பப் பல்லுதான் துப்பு. ஏதாவது ஒரு விண்டோவைப் பிடிச்சு இழுங்க. உள்ள இருக்கறதும் கூட வருதா, வெறும் சட்டம் மட்டும் நகருதா? சமீபத்துல யாராச்சும் கம்ப்யூட்டரை வேகமாக்கிக் குடுத்தாங்களா?

கரிசல்காடு:
சட்டம் மட்டும்தான் நகருது! போன மாசம் ஸ்லோவா இருக்குன்னு சர்வீஸ் கடையில குடுத்தோம். பத்தே நிமிஷத்துல முடிச்சுக் குடுத்தாரு.

பழையமவுஸ்:
அந்தப் பத்து நிமிஷத்துல "அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்"னு ஒரு பொத்தானை அமுக்கியிருப்பாரு. அது அலங்காரம் எல்லாத்தையும் ஒரே வீச்சுல அணைச்சிரும். குட்டிப் படமும் எழுத்தோட வழுவழுப்பும் அதோட சேர்ந்து போயிரும்.

திஸ் பிசியில ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ். அதுல பெர்ஃபார்மன்ஸுக்குக் கீழ இருக்கற செட்டிங்ஸைத் திறங்க. "ஷோ தம்ப்நெயில்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் ஐகான்ஸ்", "ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்" ரெண்டுக்கும் டிக் போட்டு அப்ளை. மிச்சம் அணைஞ்சே இருக்கட்டும், 4 ஜிபிக்கு அது நல்லதுதான். நெசமான வேகம் வேணும்னா ஹார்டு டிஸ்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டிங்கற வேகமான டிரைவ் போடுங்க.

சாம்பார்வடை:
ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல "ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்"னு ஒண்ணு இருக்கே, அதுவும் இதுவும் வேற வேறயா?

பழையமவுஸ்:
ஒரே சுவிட்சுக்கு ரெண்டு கதவு. இங்க மாத்தினா அங்கயும் மாறும்.

கரிசல்காடு:
அடேங்கப்பா, வந்துருச்சு! எழுத்தும் பழையபடி ஆயிருச்சு. ஆனா 41 படம் மட்டும் இன்னும் மலையாவே நிக்குது. அதுல ஒண்ணைத் திறந்தா ஏதோ எக்ஸ்டென்ஷன் வேணும்ங்குது.

பழையமவுஸ்:
அது ஐபோன்ல எடுத்ததா? மேல வியூ டேப்ல "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" டிக் போட்டா பேரோட கடைசியில எச்இஐசின்னு தெரியும். 2017-ல ஐஓஎஸ் 11 வந்ததுல இருந்து ஐபோன் 7-லயும் அதுக்கு அப்புறம் வந்ததுலயும் கேமரா அந்த வகையிலதான் சேமிக்குது, நாம மாத்தாத வரைக்கும். அது கேக்கற எக்ஸ்டென்ஷன் வேற, அந்த வகையைத் திறக்கற கூடுதல் மென்பொருள். அதை மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல தேடி அலையறதுக்குப் பதிலா, போன் செட்டிங்ஸ்ல போட்டோஸுக்கான பக்கத்துக்குப் போங்க. கீழ "டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி"யை ஆட்டோமேட்டிக் ஆக்கிட்டு, கேபிள் போட்டு மறுபடி காப்பி பண்ணுங்க. எல்லா கம்ப்யூட்டரும் திறக்கற ஜேபெக் வகையாவே இறங்கும்.

கரிசல்காடு:
மச்சான் போன்தான். ராத்திரி வரச்சொல்லி எடுத்தாச்சு, எல்லாம் தெரியுது. தெரிஞ்சதுல மொட்டை போட்டோ மட்டுமே 90 இருக்கு. எதைக் கழிக்கறதுன்னு வீட்டுக்காரம்மாகிட்ட விட்டுட்டேன்.