சாட்டிரிகான்: உங்களை விடாமல் துரத்தும் ஒரு காட்சி எது?

கடைசிவரிசை:

எனக்கு, 'சாட்டிரிகான்' என்ற பழைய ரோமானிய நாவலை வைத்து இத்தாலிய இயக்குநர் ஃபெலினி எடுத்த படம், 1969. திரைப்படச் சங்கத்தில் இரவுக் காட்சி. கதையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, நேராகக் கடைசி நிமிடத்துக்கு வருகிறேன். கதாநாயகன் என்கோல்பியஸ் கப்பலேறுகிறான். உயரமான வாசனைப் புல் வளர்ந்த ஒரு தீவைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறான். அங்கே ஒரு கிரேக்க இளைஞன் தன்னிடம் சொன்னானாம்... அவ்வளவுதான். வாக்கியம் பாதியில் நிற்கிறது. அவன் முகம் சுவரோவியமாகிவிடுகிறது. கேமரா பின்னால் போகப் போகக் கடலோரத்தில் இடிந்த சுவர்கள். இரண்டு மணி நேரம் நாம் பார்த்த ஆட்களெல்லாம் அந்தச் சுவர்களில், காரை பெயர்ந்து நிற்கிறார்கள்.

பக்கத்தில் இருந்த பெரியவர் "ரீல் அறுந்துபோச்சா தம்பி?" என்று கேட்டார். விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழவில்லை. நாவலே துண்டு துண்டாகத்தான் கிடைத்திருக்கிறது என்று தெரிந்துதான் போயிருந்தேன். ஆனாலும் பதினோரு வருடமாக அந்தக் கிரேக்கன் என்ன சொன்னான் என்றே மனசு கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு எது?

தாமிரபரணி:

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு எலியட் வழியாகத்தான் அறிமுகம். 1922இல் வந்த 'பாழ்நிலம்' கவிதையின் முகப்பு வரிகள். குமே ஊரில் குறி சொல்லும் சிபில் ஒரு குடுவைக்குள் தொங்குகிறாள். பையன்கள் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க, "சாக வேண்டும்" என்கிறாள். தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். ஏதோ ஒரு பூசாரி சொல்வதாகவே வெகுநாள் நினைத்திருந்தேன். பார்த்தால் இந்த நாவலில் பெரிய விருந்து வைக்கும் பணக்காரன் டிரிமால்கியோ! விருந்தில் உட்கார்ந்து ஹெர்குலிஸ், யுலிசிஸ் என்று கதையளந்துகொண்டிருக்கும்போது, அதே மூச்சில் "சிபிலை நானே என் கண்ணால் பார்த்தேன்" என்கிறான்.

போன வருடம் வேலையாக நேப்பிள்ஸ் போனபோது குமேக்கும் போனேன். 1932இல் தொல்லியலாளர் மையூரி சிபிலின் குகை என்று தோண்டி எடுத்த சுரங்கம், அதன் சுவர்கள் மேல்நோக்கிக் குறுகும். பக்கத் திறப்புகள் வழியாக வெயில் பட்டை பட்டையாக விழுகிறது. ஒரு பட்டையில் என் நிழல் இருக்கும், அடுத்த எட்டில் இருக்காது. அது சிபிலின் குகையே இல்லை, படைக்காகக் கட்டிய வழி என்பவர்களும் உண்டு. எனக்கு அது முக்கியமில்லை. நாவலை எழுதியவர் நீரோவின் அவையில் இருந்த பெட்ரோனியஸ் என்றுதான் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அந்தப் பெட்ரோனியஸ் கி.பி. 66இல் நரம்பை அறுத்துக்கொண்டு இறந்ததும் இதே குமேயில்தான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார். அறுத்ததைக் கட்டிக்கொண்டு, நண்பர்கள் சொல்லும் லேசான பாட்டுகளைக் கேட்டபடியே செத்தாராம். அங்கே நின்றபோது "சாக வேண்டும்" என்ற வரியை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

வடகடல்:

நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். இங்கே சாட்டிரிகான் என்று சொன்னால் அந்தப் பெயருள்ள பிளாக் மெட்டல் குழுதான் நினைவுக்கு வரும், அலறும் குரலோடு வரும் கடுமையான ராக் இசை. என் மகன் பதினாறு வயதில் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவர்களுடைய 'மதர் நோர்த்' பாட்டைக் கேட்பான். எனக்குப் பயமாக இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் அவன் யாரோடும் கதைப்பதில்லை.

2022இல் அந்தக் குழு ஓவியர் மூங்க்கின் அருங்காட்சியகத்தில், அவருடைய படங்களோடு சேர்த்துக் கேட்பதற்காக 56 நிமிட இசை ஒன்றைச் செய்தது. "அம்மா, ஒருக்கா வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனான். நான் பயந்த அலறல் எதுவும் இல்லை. மங்கிய வெளிச்சம், சுற்றிவரப் படங்கள், எங்கேயோ தூரத்தில் மேளம் மாதிரி ஒரு அதிர்வு. கொஞ்ச நேரத்தில் என் குளிர்க்கோட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். முழுவதும் முடியும்வரை அதைப் பிடித்தபடியே பக்கத்தில் நின்றான். அந்தக் கை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஓலைச்சுவடி:

வடகடல் அக்கா, மனசைத் தொட்டது. ஆனால் அந்தக் குழுவுக்கும் நாவலுக்கும் பெயர் ஒன்றுதான் பொது. அவர்களுடைய உலகம் வடதேசத்து இடைக்காலம், காடு, பனி. ரோம் இல்லை. கடைசிவரிசைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபெலினி படத்தில் வரும் மினோட்டார் என்ற காளைத்தலை மனிதன், இருபால் குழந்தை இதெல்லாம் பெட்ரோனியஸில் கிடையாது. அதே காலத்தில் பொலிடோரோ என்ற இயக்குநர் அதே பெயரில் இன்னொரு படம் எடுத்ததால்தான் இது 'ஃபெலினி சாட்டிரிகான்' ஆனது.

என் கதை சின்னது. மலிவான மின்னூல் ஒன்றில் படித்து, ஒரு பத்தியை ரசித்து, கட்டுரையில் பெட்ரோனியஸின் வரி என்று மேற்கோள் காட்டினேன். அது பெட்ரோனியஸே இல்லை. 1690களில் நொடோ என்ற பிரெஞ்சுக்காரர், பெல்கிரேடில் கிடைத்த சுவடி என்று சொல்லி இடைவெளிகளைத் தானே எழுதி நிரப்பியிருக்கிறார். அச்சான கட்டுரையை இப்போது திருத்த வழியில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதனால் புதிதாகப் படிப்பவர்கள் கவனியுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஃபயர்பாவின் 1922 மொழிபெயர்ப்பில் நொடோ சேர்த்தவையும் உண்டு. குறி போட்டுப் பிரித்திருப்பார், ஆனால் மலிவுப் பதிப்புகளில் அந்தக் குறிகள் காணாமல் போய்விடுகின்றன. பெங்குவினில் 1965இல் வந்த சல்லிவன் மொழிபெயர்ப்பை எடுங்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், தலைகால் புரியாது. 26ஆம் அத்தியாயத்தின் கடைசியில் விருந்து தொடங்கி 78இல் முடிகிறது. முதலில் அதைப் படியுங்கள். விருந்தின் முழு வடிவம் இன்றைய குரோஷியாவில் உள்ள டிரோகிரில் 1650 வாக்கில் கிடைத்து, 1664இல் பதுவாவில் அச்சேறியது. அது கிடைக்காமல் போயிருந்தால் இன்று நாம் இங்கே பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அப்புறம் இத்தாலிய இசையமைப்பாளர் மதெர்னா இந்த நாவலை வைத்துச் செய்த 1973 ஓபராவைக் கேளுங்கள். அதன் பகுதிகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் நிகழ்த்தலாம். துண்டுகளாகக் கிடைத்த நாவலுக்கு இதைவிட நல்ல மரியாதையை வேறு யாரும் செய்ததில்லை என்பேன்.

வடகடல்:

தம்பி, பெயர் மட்டும்தான் பொது என்பது சரி. ஆனால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மகனிடம் கேட்கப் போய்த்தான் நான் நாவலை வாசித்தேன்.

அடுப்படி:

நீங்கள் எல்லோரும் விருந்தாளிகள் பக்கம் நின்று பேசுகிறீர்கள். நான் ஹோட்டல் சமையல்காரன்.

49ஆம் அத்தியாயம். முழுப் பன்றி மேசைக்கு வருகிறது. குடலை எடுக்கவே இல்லையே என்று டிரிமால்கியோ கத்துகிறான். சமையல்காரனின் உடையை உருவி, அடிப்பதற்கு ஆட்களை இரண்டு பக்கமும் நிறுத்துகிறார்கள். விருந்தாளிகள் கெஞ்சுகிறார்கள். உடனே டிரிமால்கியோ முகம் மலர்ந்து, சரி, எங்கள் முன்னாலேயே வெட்டு என்கிறான். வெட்டினால் உள்ளேயிருந்து சாஸேஜ்கள் சரிகின்றன. எல்லாமே ஏற்பாடு. சமையல்காரனுக்கு வெள்ளிக் கிரீடம்கூடக் கிடைக்கிறது.

வளைகுடாவில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் முதலாளிக்கு இதே மாதிரி ஒரு பழக்கம் இருந்தது. பெரிய விருந்து என்றால் என்னை மேசைக்கு அழைப்பார். "பிரியாணியில் உப்பே இல்லை, நாளைக்கு ஊருக்கு டிக்கெட் போடுகிறேன்" என்பார். விருந்தாளிகள் பதறுவார்கள். அப்புறம் சிரித்து, தோளில் தட்டி, நோட்டு ஒன்றைச் சட்டைப்பையில் செருகுவார். விளையாட்டு என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்கும். ஏனென்றால் விசா அவர் கையில்.

டிரிமால்கியோவும் அடிமையாக வந்து விடுதலை வாங்கியவன்தான். அடிமைகளும் மனிதர்கள், நாம் குடித்த அதே பாலைத்தான் குடித்தார்கள் என்று 71இல் அவனே சொல்கிறான். அதனால் அவனை முழுசாக வெறுக்கவும் எனக்கு முடியவில்லை.

கத்தியை எடுத்தபோது சமையல்காரன் "பயந்த கையால்" வெட்டினான் என்று பெட்ரோனியஸ் எழுதியிருக்கிறார். பலர் அதை நடிப்பு என்கிறார்கள். வேலை முடிந்து படுக்கும்போது அந்தக் கையைப் பற்றித்தான் நினைப்பேன். அது நடிப்பு இல்லை.