சைகோனில் வெண்டைக்காய் மண்டி

காரைக்குடியிலிருந்து சைகோன் போனவர்:

செட்டிநாட்டுக்காரன் என்று சொன்னால் அடுத்த பேச்சு கோழியைப் பற்றித்தான் வரும். "நான் அசைவம் சாப்பிடுவதில்லை" என்றால், போலி மாத்திரை விற்றவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

நான் பிறவிச் சைவம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உப்புக்கறி இல்லையென்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனவன். வேலைக்காக வியட்நாமில் இருக்கிற சைகோன் போய் (காகிதத்தில் ஹோ சி மின் நகரம், எங்கள் அப்பத்தாவுக்குக் கடைசிவரை சைகோன்தான்) இரண்டாவது வருடம், தைப்பூசத்துக்குப் பழனி நடைக்கு வருவதாக வேண்டிக்கொண்டு மார்கழியிலேயே விரதம் தொடங்கினேன். லீவு கிடைக்கவில்லை. பூசத்தன்று டோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தேன். நடக்காத நடைக்கு விரதத்தை முடித்தமாதிரியே தோன்றவில்லை. அப்படியே நீண்டுவிட்டது. இதைத் தாண்டிப் பெரிய தத்துவம் ஏதும் என்னிடம் கிடையாது.

கறியை விட்டது சுலபம். நுவாக் மாம்தான் பெரும்பாடு. மீனையும் உப்பையும் தொட்டியில் அடுக்கி, மாதக்கணக்கில் ஊறவிட்டு வடிக்கிற சாறு அது. நம் வீட்டில் உப்பு ஜாடி இருக்கிற இடத்தில் அங்கே அந்தக் குப்பி இருக்கும்.

ஆபீசுக்குப் பின்சந்தில் ஒரு அம்மா கடை வைத்திருந்தார். கறி வேண்டாம், மீன் வேண்டாம், சோறும் கீரையும் போதும் என்று கையைக் காட்டியே புரியவைத்தேன். கீரை நம் வள்ளைக்கீரைதான், அங்கே ராவ் முவொங். பூண்டு தட்டிப்போட்டு, எரிகிற தீயில் ஒரே புரட்டு. பச்சை மாறாமல் தட்டுக்கு வரும். மூன்று வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஒருநாள் சீக்கிரமே போய் அடுப்போரம் உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. கீரை சுருண்டதும் அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார், குப்பியை எடுத்தார், இரண்டு உதறு. வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. மீன் வேண்டாம் என்றேன், மீன் போடவில்லை.

அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண்மணிதான் வழி சொன்னார். "வேண்டாததை அடுக்காதே. 'ஆன் சாய்' என்று மட்டும் சொல். சைவம் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம்." மறுநாள் சொன்னேன். கடைக்கார அம்மா "ஆ, சாய்!" என்று சிரித்தார். வாணலியைக் கழுவினார், குப்பியைத் தொடாமல் சோயா சாஸ் ஊற்றினார். அங்கே சந்திரக் கணக்கில் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் பலர் சைவம்தான் சாப்பிடுவார்கள். அமாவாசை என்றால் வாழைக்காயும் பருப்பும் சமைக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இதை யார் விளக்க வேண்டும்? உடம்புக்கு என்ன, எந்த டாக்டர் சொன்னார் என்ற கேள்வியே வரவில்லை. அந்தக் கேள்விகள் ஊரில்தான்.

சந்தையில் வெண்டைக்காய், புளி, சின்ன வெங்காயம் எல்லாம் கிடைத்தன. அப்பத்தா பாணியில் அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை எடுத்துவைத்து, அதில் புளி கரைத்து, வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டு மண்டி வைத்தேன். வழி சொன்ன பெண்மணிக்கு ஒரு டப்பா கொண்டுபோனேன். மூடியைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார். "இது சாய் இல்லை." அவர் வீட்டில் கட்டுப்பாடான பௌத்தச் சைவமாம். பூண்டு, வெங்காயம், அதன் சொந்தபந்தம் எதுவும் ஆகாது. என்னைப் பார்த்து நீ சைவமே இல்லை என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

தேவகோட்டையிலிருந்து டோக்கியோ போனவர்:

உங்களுக்குக் குப்பி, எனக்குத் தாஷி என்ற வடிசாறு. அது எடுக்கிற மீன், மாசிக் கருவாட்டைப் பார்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும், கிட்டத்தட்ட அதே கட்டைதான். அந்த மீனைப் புகைபோட்டுக் காயவைத்து, இழைப்புளியில் இழைத்தமாதிரி சீவி, கொதிநீரில் போட்டு வடிக்கிறார்கள். மிசோ சூப்பில் அது, உடோன் நூடுல்ஸில் அது, அவித்த கீரைமேல் ஊற்றுவதும் அது. ஜப்பானிய எழுத்தில் நான் முதலில் மனப்பாடம் செய்தது 'மீன்' என்ற எழுத்தைத்தான். கடையில் பாக்கெட்டைத் திருப்பி அதைத் தேடிக்கொண்டே நிற்பேன். கொம்பு என்ற கடற்பாசியில் மட்டும் தாஷி எடுக்கிற பௌத்தக் கோயில் சமையல் இருக்கிறது, அருமையாக இருக்கும். ஆனால் தினமும் கோயிலுக்குப் போய்ச் சாப்பிட என் சம்பளம் பத்தாது. வீட்டில் ரசம் வைத்துவிடுகிறேன்.

ஆத்தா போனில் இன்னும் கேட்கிறார்: "முட்டையாவது சாப்பிடக் கூடாதாடி?"

காரைக்குடியிலேயே இருப்பவர்:

என் மகனும் சிங்கப்பூரில் இப்படித்தான் மாறிவிட்டான். லீவில் வந்தவனிடம் கறியைத் தள்ளிவிட்டுச் சாறை மட்டும் ஊற்றிக்கொள் என்றேன், இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் கவுனி அரிசி செய்து கொடுத்துச் சமாதானம் ஆனோம். தம்பி, அந்த அம்மாவுக்குப் பூண்டு வெங்காயம் இல்லாமல் பெருங்காயம் போட்டு மண்டி வைத்துக் கொடுங்கள். வாசத்துக்கு வாசம், ஒரு தோஷமும் இல்லை.

சைகோன்காரர் மறுபடியும்:

ஆச்சி, நீங்கள் சொல்வதற்கு முன்பே அதைச் செய்துபார்த்துவிட்டேன். ஊரிலிருந்து கொண்டுபோன பெருங்காய டப்பாவைத் திறந்து, தாராளமாகவே போட்டேன். வெங்காயமும் இல்லை, பூண்டும் இல்லை என்று டப்பாவை நீட்டினேன். ஒரு வாய் சாப்பிட்டார், பிடித்திருந்தது. வாசனை எதனால் என்று கேட்டார். போனில் படத்தைக் காட்டினேன். அவர் தம் மொழியில் ஏதோ தேடிப்படித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. அவர்கள் விலக்குகிற காரவாடைகள் மொத்தம் ஐந்து. நான்கு பூண்டு, வெங்காய வகை. ஐந்தாவது அவர்கள் ஊரில் கிடைக்காததால் அதுவரை அவர் கண்ணால் கண்டதே இல்லையாம்.

பெருங்காயம்.

அன்று அவர் வெறும் சோறும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டார். மண்டியை நான் இரண்டு வேளை வைத்துச் சாப்பிட்டேன்.