"எரியாது" என்றார் கடைக்காரர்: பிசின் நீக்கும் வைப்ஸ் அனுபவங்கள்

ரங்கூனிலிருந்து:

அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன் ஆகி, மலம் சேரும் பையை வயிற்றில் ஒட்டி மாட்டி 7 மாதம். மூன்று நாளுக்கு ஒருமுறை பழையதைக் கழற்றிப் புதிது ஒட்டுவது என் வேலை. 76 வயதுத் தோல், வெங்காயச் சருகு மாதிரி. வெறுங்கையால் பிய்த்தபோதெல்லாம் பிசினோடு மேல்தோலும் வந்தது. அப்பா வாய் திறக்கமாட்டார், கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

யாரோ சொல்லி வைப்ஸ், அதாவது பிசினை நெகிழ்த்தும் மருந்தில் நனைத்த துடைப்புத் தாள், வாங்கினேன். ஒட்டு விட்டது. ஆனால் புண்ணான இடத்தில் பட்டதும் அப்பா துள்ளிவிட்டார். அதில் இருந்தது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஊசி போடுமுன் பஞ்சில் தடவுகிற அதே சரக்கு. கடையில் போய்ச் சொன்னேன். வேறு பாக்கெட் எடுத்துக் கொடுத்து, "இது சிலிக்கோன், எரியாதும்மா" என்றார். உண்மைதான். தாளை ஓரத்தில் நுழைத்துத் தடவத் தடவ ஒட்டு தானாக நெகிழ்ந்து வந்தது. அப்பா தூங்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன சித்திரையில் ஒரு ராத்திரி கரண்டு இல்லை. பை கசிந்துவிட்டது, விடியும்வரை பொறுக்க முடியாது. ஸ்டூலில் மெழுகுவத்தி, ஒரு சாண் தள்ளிக் குப்பைக்கு ஒரு கிண்ணம். துடைத்த தாளை அதில் போட்டேன். கையை எடுப்பதற்குள் பக்கென்று பற்றிக்கொண்டது. பக்கத்தில் அப்பா, சட்டையில்லாமல், வயிற்றில் தடவிய ஈரம் காயாமல். ஈரத்துண்டைப் போட்டு அமுக்கினேன். என் விரல் நுனி கொப்பளித்ததோடு போயிற்று.

விடிந்ததும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் நெருப்புப் படம் போட்டிருக்கிறது. உள்ளே இருப்பது ஹெக்ஸாமெத்தில்டைசிலாக்சேன், கடைக்காரர் சொன்ன சிலிக்கோன் அதுதான். தடவிய நிமிஷத்தில் ஆவியாகிவிடும். அதனால்தான் பிசுக்கு வைப்பதில்லை, அடுத்த பை உடனே ஒட்டுகிறது. அந்த ஆவிதான் நெருப்பைத் தேடிப் போகிறது. ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்க 12 டிகிரி சூடு போதும். இதற்கு 0 டிகிரிப் பக்கமே போதும். சித்திரை வெக்கையில் கேட்கவா வேண்டும்? கடைக்காரர் சொன்னது தோலுக்கு. நான்தான் தீக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். இப்போது டார்ச் வெளிச்சம்தான். சாமி விளக்கைக்கூட மலையேற்றிவிட்டுத்தான் பாக்கெட்டைப் பிரிக்கிறேன்.

தட்டோனிலிருந்து:

அக்கா, எங்கள் வீட்டில் வேறு மாதிரி. அம்மாவுக்கு வாங்கியது ஆரஞ்சு வாசனை வைப்ஸ். பிசின் சுத்தமாகக் கரைந்தது, ஆனால் புதுப் பை அரை நாள்கூட நிற்கவில்லை. எல்லாம் படுக்கையில். ஆரஞ்சுத் தோலில் எடுக்கிற லிமோனீன் அது, எண்ணெய்ப் பிசுக்கு தங்கிவிடுகிறது. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, ஒற்றியெடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்று நர்ஸ் சயாமா (பர்மாவில் நர்ஸம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காட்டிக்கொடுத்தார். அரிப்புக்கு அம்மா தனக்கா மரப்பட்டையைச் சந்தனம் மாதிரி அரைத்துப் பூசியிருந்தார். அந்த மாவின்மேல் எந்தப் பிசின் நிற்கும்? பிரித்த பாக்கெட்டை நாள் கணக்கில் வைத்திருந்ததும் எங்கள் தப்பு. காற்றுப்பட்ட லிமோனீன் மாறிப்போய் ஒவ்வாமையைக் கிளப்பும்.

மாண்டலேயிலிருந்து:

நான் குழந்தைகள் வார்டு நர்ஸ். பச்சைக்குழந்தைக்கு, அதுவும் குறைமாதக் குழந்தைக்கு, டாக்டரைக் கேட்காமல் இந்த வைப்ஸ் எதையும் தொடாதீர்கள். அந்தத் தோல் பட்டதையெல்லாம் உள்ளே இழுக்கும். ஆல்கஹால் தேங்கி நின்றால் வெந்தே போகும். ஆக்சிஜன் மிஷின் ஓடும் அறையிலும் வேண்டாம்.

ரங்கூன் அக்காவுக்கு ஒன்று. மேலே தூக்கி இழுக்காதீர்கள். ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, ஓரத்தை மடக்கித் தோலோடு படிந்தபடியே பின்னால் உருட்டுங்கள், தாள் ஒட்டுக்கும் தோலுக்கும் நடுவில் போகட்டும். புண் இருந்தால் அதன்மேல் எந்தத் தாளும் படவேண்டாம். துடைத்த தாளைத் தண்ணீர் ஊற்றிய மூடி டின்னில் போட்டு வெளியே வையுங்கள், கக்கூஸில் போடாதீர்கள்.